கார் நிறுத்தத் தெரிந்த வல்லிபுரம்

வல்லிபுரம் அங்கிளை எங்கள் சந்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. நானூற்றுப் பதினேழு என்றால் அவர்தான். அது அவருடைய மஞ்சள் டாட்சன் காரின் நம்பர். "நானூத்திப் பதினேழு கோயில்கிட்ட நிக்குது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கலியாண வயதில் பெண்ணோ பையனோ இருக்கிற வீடுகளில் எல்லாம் ஜன்னல் திரை லேசாக விலகும். அவர் கலியாணத் தரகர். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான், ஆனால் அந்த வேலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று குடியேறிய எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பாதிக் கலியாணம் அவர் கைபட்டு நடந்தது. அதுதான் எல்லாருக்கும் ஞாபகம்.

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் கோபமும் வரும். ஒரு மனிதர் இவ்வளவு பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் ஜாதகப் பொருத்தத்தில் இல்லை. அதற்குக் கோயில் குருக்கள் இருந்தார். இவருடைய கெட்டிக்காரத்தனம் கார் நிறுத்துவதில் இருந்தது. எந்த வீட்டுக்குப் போகிறாரோ அந்த வீட்டு வாசலில் அவர் காரை நிறுத்தியதே இல்லை. பல் டாக்டர் கிளினிக் முன்னால் நிறுத்துவார். சில நாள், பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்து முடித்துவிட்ட வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பார். வெயிலுக்குத்தான் குடை என்று சொல்வார். முகத்துக்கு என்று எங்களுக்குத் தெரியும்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். காரை முருகன் கோயிலிலேயே விட்டுவிட்டு, நெற்றியில் விபூதியும் கையில் அர்ச்சனைத் தட்டுமாக நடந்து வரச் சொல்வார். பூசை முடிந்து யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று சந்து நினைத்துக்கொள்ள வேண்டும். சிரம்பானிலிருந்து வந்த ஒரு கூட்டம் அவசரத்தில் அர்ச்சனை செய்யவே மறந்து, உடைக்காத முழுத் தேங்காயைத் தட்டில் வைத்துக்கொண்டு நடந்து வந்தது. எதிர் வீட்டு ஆன்டி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஆனால் வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதெல்லாம் அப்படித்தான். சந்துக்குச் சந்தேகம் வரும். ஆனால் சந்தேகப்படுவது வேறு, தெரிந்துவைத்திருப்பது வேறு. சந்தேகப்பட்டதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள், அடுத்த வாரம் மறந்தும் போவார்கள். அந்த மறதிக்குள்தான் எங்களைப் போன்ற பெண்கள் நிம்மதியாக இருந்தோம். ஒரு பெண்ணை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டால் அவள் கதை முடிந்தது. மாப்பிள்ளை எத்தனை பெண்ணைப் பார்த்தான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் கார் எத்தனை வாசலில் நின்றாலும் அவனுக்கு ஒன்றுமில்லை. வாசலைத்தான் எண்ணுவார்கள்.

அங்கிளுக்கு இது அனுபவத்தில் தெரியும். அவருடைய அக்கா இராஜம்மா அவரோடுதான் இருந்தார். செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் அவர்கள் வளர்ந்தபோது அக்காவைப் பார்க்க வந்தவர்களைப் பக்கத்து வீட்டார் விரல் விட்டு எண்ணியிருக்கிறார்கள். வந்தவர்கள் யாரும் அவரை வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. எண்ணிக்கையே போதுமாக இருந்தது. இராஜம்மா கலியாணம் செய்துகொள்ளவில்லை. அதை அவர் வருத்தமில்லாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார். அங்கிள் ஒரு நாளும் சொன்னதில்லை.

தொண்ணூறுகள் வந்ததும் இந்தச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோனது. புதிதாகப் புரோட்டோன் சாகா கார் வாங்கி, ஏர்கோன் போட்டுக்கொண்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் நடக்கச் சம்மதிக்கவில்லை. நேரே வாசலுக்கே வந்து நிறுத்தினார்கள். அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பெரிய கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் நிற்கிறவர் பார்ப்பார், நிற்காதவர் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

பிறகு கேமரா வந்தது.

தொண்ணூற்றிரண்டின் கடைசியில் எங்கள் சந்தில் இரண்டு கார்கள் திருடு போயின. ஒன்று சீவரத்தினம் அங்கிளுடையது. அவர் சந்து முனையிலேயே முதல் வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், அரசாங்கத் தணிக்கைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்து ஆண்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். மீதிப் பேரின் பிள்ளைகளுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு காரியம் தப்பாகப் போனால் அடுத்த தடவை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

ஒரு கேமராவை வாங்கித் தன் வீட்டு கேட் தூணில் பொருத்தினார். எங்களுடையது முட்டுச் சந்து. உள்ளே வருகிற கார் அதே வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கேமராவுக்குக் கீழே ரோட்டில் வேகத்தடையாக ஒரு பம்ப் கட்டி, ஒவ்வொரு காரும் அங்கே மெதுவாக ஏறி இறங்கும்படி செய்தார். நம்பர் பிளேட் தெளிவாக விழ வேண்டுமே. எந்தக் கார், எந்த வாசலில், எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் வீடியோ டேப்பில் பதிந்தது.

தொடக்க நாளன்று கேமராப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். சீவரத்தினம் அங்கிளின் மனைவி புனிதவதி ஆன்டி எல்லாருக்கும் வடை சுட்டுக் கொடுத்தார். நாங்கள் அவர்கள் வீட்டு ஹாலில் டிவி முன்னால் நெருக்கியடித்து நின்று, எங்கள் சந்தை நாங்களே டிவியில் பார்த்தோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வல்லிபுரம் அங்கிள் மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சீவரத்தினம், இந்த டேப்ப யாரு பார்ப்பா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. திருட்டு நடந்தா மட்டும் எடுத்துப் பார்ப்போம்."

"அப்போ சரி" என்றார். ஆனால் வடையைச் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் பல் டாக்டரின் கார் திருடு போனது. எல்லாரும் ஓடிப்போய் டேப்பைப் பார்த்தார்கள். டாக்டரின் கார் பம்பில் ஏறி இறங்கி வெளியே போவது அழகாகத் தெரிந்தது, நம்பரும் தெளிவாகத் தெரிந்தது. திருடன் முகம் தெரியவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் எனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போனார்.

திருடனைப் பிடிக்காத கேமரா மற்றதை எல்லாம் பிடித்தது. புனிதவதி ஆன்டி முதலில் டேப் மாற்றப் பழகுவதற்காகத்தான் பார்த்தார். பிறகு மத்தியானத் தூக்கம் வராதபோது பார்த்தார். பிறகு தூங்குவதை விட்டுவிட்டார். மலேசியாவில் கார் நம்பரின் முதல் எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். 'என்' என்றால் சிரம்பான் பக்கம், 'ஏ' என்றால் ஈப்போ, 'பி' என்றால் சிலாங்கூர். எங்கள் ஆட்களில் யாரிடம் என்ன கார், என்ன நம்பர் என்பது அவருக்கு அத்துப்படி. கெட்ட எண்ணத்தோடு பார்த்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

சந்தின் நடுவில் சனாவுல்லா அண்ணன் வீடு. வீட்டிலேயே பட்டுப் புடவை வைத்து விற்பவர். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பெண்கள் மத்தியானத்தில் கார் ஓட்டி வந்து, கணவர்களுக்குத் தெரியாமல் புடவை எடுத்துப் போவார்கள். ஒரு கலியாண வீட்டில் புனிதவதி ஆன்டி ஒரு டாக்டர் மனைவியிடம், "போன மாசம் நம்ம சந்துக்கு நாலு தடவ வந்தீங்க போல, ஒரு தடவையாச்சும் வீட்டுக்கு வரக் கூடாதா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டார். டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதற்குப் பிறகு சனாவுல்லா அண்ணன் வீட்டு வாசலில் கார் நிற்பது குறைந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். அந்த வருஷம் சிரம்பானிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார், பதில் வரவில்லை. ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார், அவரை நான் வேண்டாம் என்றேன். அவர் பேசிய அரை மணி நேரமும் தன்னுடைய காரைப் பற்றியே பேசினார்.

மூன்றாவதாகக் கிள்ளானிலிருந்து தவராஜா வந்தார். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா தங்கரத்தினத்துக்கு முழங்கால் வலி, கோயிலிலிருந்து நடக்க முடியாது. அதனால் கார் வாசலுக்கே வந்தது. பெரியவர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்க, எங்களைப் பின்பக்கம் சமையலறையில் கொஞ்ச நேரம் விட்டார்கள்.

"நீங்க என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார் அவர்.

அதுவரை வந்த யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டுவைத்தேன்.

"ரசம் வைப்பேன். முட்டை பொரிப்பேன். மிச்சத்துக்குக் கடை இருக்குலா. உங்களுக்கு?"

"எனக்கு ரசம் சரியா வராது."

இரண்டு பேரும் சிரித்தோம். ஹாலில் பேச்சு நின்று, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டது எங்களுக்கே கேட்டது. அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, இந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்று நான் முருகனிடம் வாய்விட்டே கேட்டேன். அதற்கு முன் எந்த மாப்பிள்ளைக்காகவும் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து வல்லிபுரம் அங்கிள் வந்தார். காரை எங்கே விட்டாரோ, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"கிள்ளான்ல வேண்டாம்னுட்டாங்க, பிள்ளை" என்றார்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த தங்கரத்தினம் ஆன்டியைப் புனிதவதி ஆன்டி கோயிலில் பார்த்திருக்கிறார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "குணபூசணி தங்கமான பிள்ளை. பாவம், இந்த வருஷமே உங்க கார் மூணாவது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் பார்த்துவிட்டு விட்டுப்போன இடம் நமக்கு எதற்கு என்று தங்கரத்தினம் ஆன்டி முடிவு செய்துவிட்டார். கார் வந்ததும் போனதும் டேப்பில் இருந்தது. யார் யாரை வேண்டாம் என்றார்கள் என்பது அதில் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அவங்க இதுவரைக்கும் எத்தன வீட்டுக்குப் போனாங்க, அங்கிள்? நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க. எனக்கு மூணுன்னு அவங்க எண்ணலாம், அவங்களுக்கு எத்தனன்னு நான் எண்ணக் கூடாதா? நீங்க ஒரு நம்பர் சொன்னா, அம்மா போன் போட்டு அவங்கள ஒரு வார்த்தை கேப்பாங்க."

"அது என் வாயில வராது, பிள்ளை."

"எனக்காகக்கூட வராதா?"

"வராது." முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லிட்டேன்னா, அந்தத் தூண்ல தொங்குறதுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மா என்னை அடக்கினார். நான் அடங்கவில்லை. "அப்போ அந்தத் தூண்ல தொங்குறதையாச்சும் கழட்டுங்க. அதுக்காவது வாய் வருதான்னு பார்ப்போம்" என்றேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அம்மா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிள் மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. நானூற்றுப் பதினேழு பம்பில் ஏறி இறங்கி, சந்துக்குள் பகிரங்கமாக வந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்றது, அங்கே டீ குடித்தது, அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தது. அன்றைக்கும் அதற்கடுத்த ஞாயிறும் அங்கிள் எல்லா வீட்டுக்கும் போனார், கலியாண வயதில் யாருமே இல்லாத வீட்டுக்கும் போனார். புனிதவதி ஆன்டி டேப்பைப் பார்த்துக் குழம்பிப்போய், சந்து முழுக்கக் கலியாணமா என்று கணவரிடம் கேட்டாராம்.

அங்கிள் எல்லா வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார். கேமரா வேண்டாம், சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்றார். சனாவுல்லா அண்ணன், "நான் வரேன் அங்கிள், ஆனா நான் மட்டும் கை தூக்கினா போதுமா?" என்று கேட்டார். அதுதான் சிக்கல். ஒவ்வொரு வீட்டிலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்று ஒரு வீட்டில் நினைத்தார்கள். வீட்டுக்கு டாக்டர் கார் வந்து போவது தெரிய வேண்டாம் என்று இன்னொரு வீட்டில் நினைத்தார்கள். ஆனால் சீவரத்தினம் அங்கிளின் முகத்துக்கு நேரே கை தூக்குவது யார்? முப்பது வருஷம் அவருக்கு 'யெஸ் சார்' சொன்ன வாய்கள்.

கூட்டம் கோயில் பின்மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் கொண்டாட்டம். அரசாங்க ஆபீசில் படித்த பழக்கம் விடுமா? சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசித்தார்கள், முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், இரண்டு பேர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்கள். ஒரு வழியாகக் கேமராவுக்கு வந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர் என்றாலும் வல்லிபுரம் அங்கிளும் சங்க உறுப்பினர்தான். அவர் எழுந்து, கேமராவை எடுத்துவிட வேண்டும் என்று ஒரே வரியில் முன்மொழிந்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணம் சொன்னால் ஏதாவது ஒரு வீட்டின் பேரைச் சொல்ல வேண்டிவரும். என் கதையைச் சொன்னால் மண்டபமே அழுதிருக்கும். அதையும் அவர் சொல்லவில்லை.

சீவரத்தினம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நம்ம பாதுகாப்புக்கு வச்சது. மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு இதுல என்ன பயம்? சரி, தீர்மானம் வந்திருக்கு, வாக்கெடுப்பு நடத்துவோம். எடுத்துடணும்னு சொல்றவங்க கைய தூக்குங்க."

அம்மாவின் கை உயரப் பார்த்தது. மற்றவர்கள் விசிறியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம், சேர்மன்" என்றார் வல்லிபுரம் அங்கிள். "நான் ரகசிய வாக்கெடுப்பு கேக்குறேன். சங்கச் சட்டத்துல இடம் இருக்கு."

அந்தச் சட்டத்தை எழுதியதே சீவரத்தினம் அங்கிள்தான். யாராவது அதை எடுத்துச் சொன்னால் அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். உடனே சீட்டு கிழிக்கச் சொன்னார். பின்னால் இருந்த ஒருவர், சின்ன விஷயத்துக்கு எதற்கு ரகசியம் என்று முணுமுணுத்தார். சீவரத்தினம் அங்கிள் அவரை நிமிர்ந்து பார்த்து, ஆபீசர் குரலில் விளக்க ஆரம்பித்தார்.

"சின்ன விஷயம் பெரிய விஷயம் இல்ல, மிஸ்டர். நான் எப்படி ஓட்டுப் போட்டேன்னு நீங்க பார்க்கக் கூடாது. நீங்க எப்படிப் போட்டீங்கன்னு நான் பார்க்கக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்க்க முடியாது. அதுக்காக நம்ம தப்புப் பண்றோம்னு அர்த்தமா? மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அது அவரவர் சொந்த..."

அங்கே நின்றுவிட்டார். புனிதவதி ஆன்டி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வல்லிபுரம் அங்கிள் நினைத்திருந்தால் அந்த நேரத்தில் எழுந்து ஒரு வார்த்தையில் அவரை உட்கார வைத்திருக்கலாம். அவர் தன் சீட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "அவரவர் சொந்த விஷயம்" என்று சீவரத்தினம் அங்கிளே மெதுவாக முடித்தார்.

சீட்டுகளை எண்ணினார்கள். கேமரா இருக்கட்டும் என்று சொன்னது ஒரே ஒரு சீட்டு. அது சீவரத்தினம் அங்கிளுடையது என்று எல்லாரும் நினைத்தோம். புனிதவதி ஆன்டியோ, வீட்டுக்கு ஒரு சீட்டு என்பதால் அதைத் தானே எழுதிப் போட்டதாகவும், அவர் எழுதச் சொன்னது வேறு என்றும் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். நிஜமா பொய்யா தெரியாது.

மறுநாள் காலையில் சீவரத்தினம் அங்கிள் தானே ஏணி வைத்து ஏறிக் கேமராவைக் கழற்றினார். இன்னொருவரை ஏற விடவில்லை. டேப்புகளில் எல்லாம் பேத்தியின் பரதநாட்டியத்தைப் பதிந்துவிட்டார். அந்த வாரமே புனிதவதி ஆன்டி எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது, ஒரே சந்தில் குடியிருக்கிறோம்.

கேமரா போய்விட்டது. ஆனால் கிள்ளான் கார் திரும்பி வரவில்லை. தீபாவளி போனது, பொங்கல் வந்தது. ஆபீசிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் ஏதாவது கார் நிற்கிறதா என்று சந்து முனையிலிருந்தே பார்ப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கும். வல்லிபுரம் அங்கிள் மேல் இருந்த கோபம் குறையவில்லை. சந்துக்கே நல்லது செய்தவர், எனக்கு மட்டும் ஒரு நம்பர் சொல்ல மாட்டேன் என்றாரே. வழியில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவர் வழக்கம்போல, "என்ன பிள்ளை, சுகமா?" என்பார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. தங்கரத்தினம் ஆன்டி தனியாக, கைத்தடி ஊன்றி இறங்கினார். அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். ஆன்டி உட்கார்ந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"வல்லிபுரம் எங்களப் பத்தி உனக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல, ஆன்டி. நீங்க வேண்டாம்னு சொன்னத மட்டும்தான் சொன்னார்."

"நாங்க எத்தன வீடு போனோம்னு சொல்லலையா?"

"இல்ல."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். சண்டையே போட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டார்."

அவர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். தங்கரத்தினம் ஆன்டி கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"நான் வேண்டாம்னு சொன்ன நாள்லேர்ந்து காத்துட்டு இருந்தேன். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், யாராச்சும் ரெண்டு பேர் கூடிப் பேசினா எங்களப் பத்தித்தான்னு நினைப்பேன். வல்லிபுரம் கோவத்துல சொல்லியிருப்பார், நீங்க ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்கன்னு. யாரும் ஒண்ணும் கேக்கல. இத்தன மாசமா ஒருத்தரும் கேக்கல." கைத்தடியை மடியில் சாய்த்துக்கொண்டார். "பதினொரு வீடு, பிள்ளை. உன் வீடு பன்னெண்டாவது. உனக்கு மூணுன்னு கேட்டு நான் முகம் சுளிச்சேன். என் மகன் அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர மாட்டேங்குறான். நான் செஞ்சது தப்பு. நீ என்ன சொல்றே?"

எனக்கு உடனே சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "யோசிச்சுச் சொல்றேன், ஆன்டி" என்றேன். அம்மா என் முதுகில் கிள்ளினார். ஒரு வாரம் முழுக்க யோசிப்பதாகப் பாவனை செய்துவிட்டு, சரி என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே வல்லிபுரம் அங்கிள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இராஜம்மா ஆன்டிதான் அழுதார். அங்கிள், நல்ல நாள் பார்க்கக் குருக்களிடம் எப்போது போகலாம் என்று கேட்டார்.

எங்கள் கலியாணம் அதே கோயிலில் நடந்தது, நான் கிள்ளானுக்குப் போனேன். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். சீவரத்தினம் அங்கிள் போனார். சனாவுல்லா அண்ணன் ஷா ஆலமில் மகனோடு குடியேறினார். அந்தச் சந்தும் இப்போது இல்லை, அங்கே உயரமான அடுக்குமாடி நிற்கிறது. வாசலில் ஒரு தடுப்புக் கம்பம், காரின் நம்பரைத் தானே படித்து எழும்புகிறது. யாரும் கூட்டம் கூட்டவில்லை, யாரும் சீட்டு எழுதிப் போடவும் இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய சந்து எனக்கு அப்படியே வேண்டும் போலிருக்கும், ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த அந்த ஆன்டிகளோடு சேர்த்து.

தொண்ணூற்றெட்டில் வல்லிபுரம் அங்கிள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். உடம்பு பாதியாகியிருந்தது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று என் கணவர் கட்டிலோரமாகக் குனிந்தார்.

"அங்கிள், அம்மாவே எல்லாத்தையும் இவகிட்ட சொல்லிட்டாங்க. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. அந்தப் பதினொரு வீட்டுல பாதி எனக்கு மறந்தே போச்சு. எங்கெங்க போனோம்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

அங்கிள் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி ஞாபகப்படுத்திப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"எந்தப் பதினொரு வீடு, தம்பி?" என்றார். "நான் உங்கள ஒரே ஒரு வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போனேன்."